வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

1

உண்மையைச் சொன்னால், உதை எழுதாமல் விட்டிடுவம் எண்டுதான் இருந்தனான். சோம்பல் ஒரு பக்கம். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதினால் ஆர் வாசிக்கப்போகினம் எண்ட யோசனை மற்றப் பக்கம். ஊரிலை புத்தகம் நடத்திற தம்பிதான் விடுறானில்லை. கனடா வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதுங்கோ அண்ணை எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் கேக்கிறான். தம்பி, பனியைப் பற்றி எழுத ஆள் இருக்கு. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைப் பற்றி எழுதவும் ஆள் இருக்கு, அவை கார் வைச்சிருக்கிற ஆக்கள். எனக்கு மிஞ்சினது இத்தாலிக்காரன்ரை கொலைப்படங்கள்தான். பிடிக்காட்டி இந்தத் தாளிலை கடலை சுத்து. பிடிச்சால் போடு. போடேலாத வரியள் கடைசியிலை வரும், அதுகளை நீயே பாத்து வெட்டு.

எழுத வைச்சது என்னெண்டால், போன கிழமை லோயரிட்டைப் போனனான். என்ரை அகதி விசாரணைக்கு நாள் வந்திட்டுது. நான் வந்து எவ்வளவு காலம் எண்டு கேக்காதையுங்கோ, எனக்குப் பிறகு வந்தவன் சிற்றிசன் ஆகப்போறான், என்ரை பைல் எங்கையோ ஒரு மேசைக்குக் கீழை நித்திரை. இப்ப முழிச்சிட்டுது. லோயர் வெள்ளைக்காரர், பக்கத்திலை மொழிபெயர்க்க எங்கடை அக்கா ஒராள். ஊரிலை நடந்ததை முதலிலை இருந்து சொல்லு எண்டார். சொன்னன். அக்கா சிரிச்சா. சிரிச்சுச் சிரிச்சு கண்ணைத் துடைச்சுப்போட்டு இங்கிலீசிலை சொன்னா. லோயரும் கொஞ்சம் சிரிச்சார். பேந்து பேனையை மேசையிலை வைச்சார்.

அவர் சொன்னதை அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னா. உப்பிடிப் போய் அங்கை சொன்னால் பொய் எண்டு நினைச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். வீட்டை போய், ஆருக்காவது ஒராளுக்கு, அவர் சிரிக்காத மாதிரி ஒருக்கால் சொல்லிப்பார். ஒருக்கால் சொல்லிப்போட்டுப் பேந்து என்னட்டை வா.

லேசான வேலை எண்டு நினைச்சுக்கொண்டு வெளியிலை வந்தன். பஸ்ஸுக்கு நிக்கேக்கைதான் யோசிச்சன், ஆருக்குச் சொல்லுறது? வீட்டிலை இப்ப நானும் ரீவியும்தான்.

2

முந்தி அந்த வீட்டிலை நாலு பேர். வீடு எண்டு மரியாதைக்குச் சொல்லுறன், அது பேஸ்மென்ற். சென் கிளேயர் வீதிக்குப் பக்கத்திலை, நிலத்துக்குக் கீழை ஒரு குசினி, ரெண்டு அறை, ஒரு யன்னல். யன்னலாலை பாத்தால் ரோட்டிலை போற ஆக்களின்ரை கால் மட்டும்தான் தெரியும். நான் அதிலை குந்திக்கொண்டு சப்பாத்தைப் பாத்து ஆள் என்ன தொழில் எண்டு சொல்லுவன். யோகன் வந்த அண்டே அந்த யன்னலுக்குத் தலை துவட்டுற துவாய் ஒண்டைத் தொங்கவிட்டிட்டான். ரீவியிலை வெளிச்சம் படுது எண்டு நினைச்சு நாங்களும் விட்டிட்டம்.

ஆக்களைச் சொல்லோணும். சிவம் அண்ணை எங்களுக்கு மூத்தவர், மட்டக்களப்பு. பெண்சாதி பிள்ளையள் ஊரிலை. ஆரோடை கதைச்சாலும் மகனே எண்டதைச் சுருக்கி "மனே" எண்டுதான் தொடங்குவார், இமிக்கிறேசன் ஒபிசரையும் ஒருநாள் அப்பிடிக் கூப்பிட்டவர். றஞ்சன் எங்கடை பக்கம், வாய் மட்டும் வேலைக்குப் போற ஆள். யோகன் நல்லாச் சிரிப்பான். நான் என்ன சொன்னாலும் முதலாவதாச் சிரிக்கிறது அவன்தான், நிலத்திலை உருண்டு சிரிப்பான். ஆனால் கதைக்கமாட்டான். சோறு வேணுமோ எண்டால் ஓம், தேத்தண்ணி வேணுமோ எண்டால் ஓம், எந்த ஊர் எண்டால் தலையைக் குனிஞ்சிடுவான்.

தமிழ்ப் படக் கொப்பி அப்ப ஒண்டு வந்தால் முழு ரொறன்ரோவையும் சுத்திப்போட்டுத்தான் எங்கடை கைக்கு வரும். வரேக்கை கதாநாயகிக்கு முகம் இருக்காது, இடுப்பு மட்டும் கோடு கோடா ஆடும். அதாலை நான் மூலையிலை இருந்த இத்தாலிக்காரன்ரை வீடியோக் கடைக்குப் போனனான். நான் கோப்பை கழுவினது ஒரு இத்தாலிக் கலியாண மண்டபத்தின்ரை குசினியிலை எண்டதாலை கடைக்கார டோனிக்கு என்னைப் பிடிக்கும். நல்ல படம் ஒண்டு தா எண்டன். மஞ்சள் தாறன் எண்டான். அவங்கடை நாட்டிலை கொலை செய்தவனைத் தேடுற படத்துக்கு "ஜாலோ" எண்டு பேராம், மஞ்சள் எண்டு அர்த்தமாம். முந்தி உந்தமாதிரிக் கதைப் புத்தகங்களுக்கு மஞ்சள் மட்டை போட்டு வித்தவங்களாம், பேர் அப்பிடியே படத்துக்கும் ஒட்டிக்கொண்டிட்டுது.

வீட்டை வந்து மஞ்சள் படம் கொண்டு வந்திருக்கிறன் எண்டு மட்டும் சொன்னனான். நீலம் தெரியும், உதென்ன புதுக் கலர் எண்டு கேட்டுக்கொண்டே றஞ்சன் போய்க் கதவைப் பூட்டினான். படம் தொடங்கினது. ஒரு வடிவான பெட்டை குளிக்கிறாள், றஞ்சன் முன்னுக்கு நகர்ந்தான். கதவாலை ஒரு கறுத்த கிளவுஸ் கை வந்தது, கையிலை சவரக்கத்தி, றஞ்சன் பின்னுக்கு நகர்ந்தான். சிவம் அண்ணை விரலாலை கண்ணைப் பொத்திக்கொண்டு விரலுக்குள்ளாலை முழுப் படத்தையும் பாத்தார்.

அண்டைக்குப் பிடிச்ச பைத்தியம். சனிக்கிழமை மத்தியானம் நாலு பேருக்கும் வேலை இல்லை. சோறு, மீன்கறி, பேந்து மஞ்சள்.

3

ஊரிலை ஞாயிற்றுக்கிழமையளிலை றேடியோவிலை ஒலிச்சித்திரம் போடுவினம், ஞாபகம் இருக்கோ? முழுப்படத்தின்ரை வசனத்தையும் வெட்டிச் சுருக்கிப் போடுவினம், நாங்கள் படத்தைப் பாக்காமல் கேட்டு அழுவம். இஞ்சை அதுக்கு எதிர்மாறு. படத்தைக் கேக்காமல் பாத்தம். எல்லாம் இத்தாலி.

எனக்குத் தெரிஞ்ச இத்தாலி குசினி இத்தாலி. கெதியா, சூடு, கோப்பை, உள்ளி, மிச்சம் தூசண வார்த்தையள். ஆனால் வீட்டிலை என்னைப் பண்டிதர் எண்டு நினைச்சினம். என்னடா சொல்லுறான் எண்டு றஞ்சன் கேட்டான். தெரியாது எண்டு சொல்ல எனக்கு ரோசம் விடேல்லை. சத்தத்தைக் குறைச்சுப்போட்டு ரீவிக்குப் பக்கத்திலை ஒரு வாளியைக் கவிழ்த்து அதிலை இருந்துகொண்டு நானே எல்லாருக்கும் கதைச்சன். கதாநாயகனுக்கு செல்லத்துரை எண்டு பேர் வைச்சன். இன்ஸ்பெக்ரரை எங்கடை ஊர் விதானையார் ஆக்கினன். கொலைகாரன் ரெலிபோனிலை மூச்சு விட்டு விட்டுக் கதைப்பான் எல்லே, அவனுக்கு எங்கடை வீட்டுக்காரன்ரை குரல், குப்பையை ஏன் வெளியிலை வைக்கேல்லை எண்டு கேப்பான். பெட்டையளுக்கு ஊர்ப் பெட்டையளின்ரை குரல். தனிய ஒரு இருட்டு வீட்டுக்குள்ளை போவாளுகள், போகேக்கை "அம்மா பேசுவா, கெதியா வீட்டை போகோணும்" எண்டுகொண்டு போவாளுகள். யோகன் நிலத்திலை உருளுவான்.

ஒருநாள் டோனியிட்டைப் போய் வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் வருது, கசெற் பிழை எண்டன். அவன் சிரிச்சான். அந்தப் படங்களே அப்பிடித்தானாம். ஒருத்தன் இங்கிலீசிலை கதைச்சு நடிப்பான், ஒருத்தி பிரெஞ்சிலை, ஒருத்தன் ஜேர்மனிலை. எல்லாம் முடிய ஒரு அறைக்குள்ளை வேறை ஆக்களை இருத்திக் குரல் போடுவினமாம். படத்திலை நிக்கிற முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தக் குரல் இல்லை. அப்ப எனக்கும் உரிமை இருக்கு எண்டு சொல்லிப்போட்டு இன்னும் மூண்டு படம் தூக்கிக்கொண்டு வந்தன்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. படம் பாதி போகேக்கை ஒவ்வொருத்தரும் ஆர் கொலைகாரன் எண்டு சொல்லோணும். பிழைச்சவன் அடிப்பிடிச்ச சோத்துப் பானையைத் தேய்க்கோணும். றஞ்சன் எப்பவும் வடிவான பெட்டையைச் சொல்லுவான், அவள் அடுத்த காட்சியிலை செத்துப்போவாள். சிவம் அண்ணை சேர்ச் சுவாமியாரைச் சொல்லுவார். அங்கி போட்ட ஆளை ஒருத்தரும் சந்தேகப்படாயினம் மனே, அதாலை அவன்தான் எண்டுவார். பலநாள் அவர்தான் சரி. எந்தப் படத்திலையும் ஒரே விஸ்கிப் போத்தில் வரும், இரத்தம் எண்டு ஊத்திறது உருகின சிவப்பு ஐஸ்பழம், கழுத்தை அறுக்கேக்கை ஒரு பொம்பிளை தாலாட்டு மாதிரிப் பாடுவாள். பயப்பிடுறதோ நித்திரை கொள்ளுறதோ எண்டு விளங்காது.

எனக்கும் முடிவு தெரியாது, அதுதான் வில்லங்கம். ஒரு படத்திலை ஒரு கிழவியைக் கண்டு இவதான் செல்லத்துரையின்ரை தாய் எண்டு முடிவு கட்டி, முழுப்படமும் "தம்பி சாப்பிட்டியோ, கவனமாப் போட்டு வா" எண்டு கதைச்சன். கடைசியிலை கிழவி கோட்டுக்குள்ளாலை கத்தியை எடுத்தா. தாய்க்கு ஏன் மனே கோவம் எண்டு சிவம் அண்ணை கேட்டார். மகன் கடிதம் போடேல்லை எண்டன். எல்லாரும் சிரிச்சினம். அண்டு பின்னேரம் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையிலை இருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினம்.

4

உந்தப் படங்களைப் பாத்துப்போட்டு வெளியிலை போறதுதான் கரைச்சல். ரொறன்ரோக் குளிரிலை பஸ்ஸுக்குள்ளை ஏறினால் முழுப்பேரும் கறுத்த கிளவுஸ், நீட்டுக் கோட், தொப்பி, ஸ்காவ். முழு பஸ்ஸும் கொலைகாரர். ஒருத்தரும் ஒருத்தரோடை கதைக்கிறேல்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கிறேல்லை. நான் முதல் கிழமையிலை ஒரு கிழவருக்கு குட் மோர்னிங் சொன்னனான். அவர் இடம் மாறிப் போய் இருந்தார். ஆர் கொலைகாரன் எண்டு அவரும் யோசிச்சிருப்பார்.

இங்கிலீசுக்கு முதல் எனக்கு இத்தாலி வந்திட்டுது, அதுவும் ஒரு வில்லங்கம். இமிக்கிறேசன் கந்தோரிலை அவசரத்துக்கு என்ரை வாயாலை "அஸ்பெத்தா" எண்டு வந்திட்டுது, நில்லு எண்டு அர்த்தம். ஒபிசர் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு நான் சிலோனோ இத்தாலியோ எண்டு திருப்பியும் முதலிலை இருந்து கேக்கத் தொடங்கினார்.

படங்களின்ரை கதை முக்கால்வாசி ஒண்டுதான். கதாநாயகன் வெளிநாட்டான். பாட்டு எழுதிறவனோ படம் கீறிறவனோ, றோமுக்கு வந்திருப்பான். ரோட்டிலை போகேக்கை ஒரு கொலையைக் கண்டிடுவான். இன்ஸ்பெக்ரர் அவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுப்போட்டு, பாஸ்போட்டை வாங்கி மேசை லாச்சிக்குள்ளை போட்டுப் பூட்டுவார். விசாரணை முடியுமட்டும் ஊரை விட்டுப் போகேலாது. முதல்தரம் அந்த லாச்சி பூட்டுற சத்தம் கேக்க எங்கடை வீட்டிலை எல்லாரும் சோத்தைப் பிசையிறதை நிப்பாட்டினம். சிவம் அண்ணைதான் சொன்னார்.

"இனி அவன் எங்கட ஆள்."

அதுக்குப் பிறகு செல்லத்துரையை ஆர் குத்த வந்தாலும் நாலு பேரும் ரீவியைப் பாத்துக் கத்தினம்.

அவனுக்கு இன்னொரு கரைச்சல். கண்டது எல்லாத்தையும் சொல்லுவான், ஆனால் ஏதோ ஒண்டு விட்டுப்போச்சுது எண்டு மண்டையைப் போட்டு உடைப்பான். ஒரு சின்ன விசயம். அது வெளியிலை வந்தால்தான் கொலைகாரனைப் பிடிக்கலாம்.

யோகன்ரை விசாரணையும் அப்பிடித்தான் நிண்டது. அவன்ரை தமையனை ஊரிலை கடைத்தெருவிலை சுட்டுப்போட்டாங்கள், இவன் பாத்துக்கொண்டிருந்தவன். அவ்வளவும் பைலிலை இருக்கு. தமையன்ரை முகத்தைக் கண்டனியோ எண்டு லோயர் கேட்டால் இல்லை எண்டுவான். அப்ப அது தமையன் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால் வாய் பூட்டிடும். மூண்டு தரம் கூட்டிக்கொண்டு போயும் அந்தக் கேள்வியிலை வந்து நிண்டிட்டுது. அதுக்கு மறுமொழி இல்லாமல் விசாரணைக்குப் போனால் கேஸ் தோத்த மாதிரித்தான் எண்டு லோயர் கையை விரிச்சவர். சிவம் அண்ணை ஆறுதலாக் கேட்டுப் பாத்தார், றஞ்சன் சத்தம் போட்டுக் கேட்டுப் பாத்தான், நான் பகிடி விட்டுப் பாத்தன். என்ரை பகிடிக்குச் சிரிச்சான். அவ்வளவுதான்.

5

அந்தத் தை மாதம் எனக்குத் தடிமன் பிடிச்சுக் குரல் அடைச்சுப்போச்சு. வாயைத் திறந்தால் காத்துத்தான் வருது. சனிக்கிழமை வந்திட்டுது, கசெற் டோனியிட்டை இருந்து வந்திட்டுது, குரல் குடுக்க ஆளில்லை.

முதலிலை றஞ்சன் வாளியிலை இருந்தான். அஞ்சு நிமிசத்திலை செல்லத்துரை அரசியல் கூட்டத்திலை பேசத் தொடங்கீட்டார், நாங்கள் தலகாணியாலை எறிஞ்சு இறக்கினம். பேந்து சிவம் அண்ணை. அவருக்குப் படத்திலை ஆர் வந்தாலும் மட்டக்களப்புத் தமிழ்தான். முத்துமாலை போட்ட பணக்காரி கதவைத் திறந்துகொண்டு வந்து "என்ன மனே, சோறு திண்ட நீயா" எண்டு கேட்டா. யோகன் விழுந்து விழுந்து சிரிச்சான். நான் சத்தமில்லாமல் சிரிச்சு இருமினன்.

விசாரணைக் காட்சி வந்தது. செல்லத்துரை கதிரையிலை, இன்ஸ்பெக்ரர் மேசைக்கு அங்காலை, லாச்சி, பாஸ்போட், எல்லாம் வழமை மாதிரி. இன்ஸ்பெக்ரர் வாய் அசைஞ்சுது. சிவம் அண்ணை கேட்டார்.

"சொல்லு மனே, என்ன கண்ட நீ?"

செல்லத்துரை வாயைத் திறந்தான். அவனுக்கும் சேர்த்துக் கதைக்க சிவம் அண்ணை மூச்சு எடுக்கிறதுக்குள்ளை, யன்னல் பக்கம் சுவரோடை சாஞ்சிருந்த யோகன் மறுமொழி சொன்னான்.

"கால்தான் கண்டனான்."

நாங்கள் சிரிச்சம். செல்லத்துரை கையை ஆட்டி ஆட்டிப் பெரிய கதை கதைக்கிறான், இவன் ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டான் எண்டு சிரிச்சம். யோகன் சிரிக்கேல்லை. ரீவியைப் பாத்துக்கொண்டே பிறகும் கதைச்சான். கடைச் சட்டரை முக்கால்வாசி இழுத்துவிட்டிட்டன், நிலத்திலை படுத்துக்கிடந்தனான், கீழாலை பாத்தால் கால்தான் தெரியும் எண்டான். பூட்ஸ் கால் ஒரு கூட்டம், நடுவிலை ஒரு சோடி சப்பாத்து எண்டான்.

படத்திலை இன்ஸ்பெக்ரர் திருப்பிக் கேக்கிறார். சிவம் அண்ணைக்கு அப்ப இன்ஸ்பெக்ரர் குரல் வரேல்லை, தன்ரை குரலிலை மெல்லமாக் கேட்டார்.

"ஆர்ர சப்பாத்து மனே?"

"என்ரை. அண்ணை அண்டைக்குப் பொம்பிளை பாக்கப் போக என்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவன், தன்ரை பிஞ்சுபோச்செண்டு. ஒரு பக்கம் லேஸ் அறுந்து நான் வெள்ளை நூல் கட்டியிருந்தனான். நூல் வடிவாத் தெரிஞ்சுது."

காட்சி முடிஞ்சுபோச்சு. காருகள் ஓடுது, அந்தப் பொம்பிளை தாலாட்டுப் பாடத் தொடங்கீட்டாள். யோகன் நிப்பாட்டேல்லை. நான் எட்டிப் பட்டனை அமத்தினன். ஓடின காருகள் அப்பிடியே நிண்டு கோடு கோடா நடுங்கிச்சுது. நிண்டுபோன அந்தப் படத்துக்கு அவன் மிச்சத்தையும் சொன்னான். முதல் சப்பாத்து நேரா நிண்டதாம். பேந்து முழங்கால் தெரிஞ்சுதாம். பேந்து சப்பாத்தின்ரை அடி தெரிஞ்சுதாம்.

யன்னலிலை தொங்கின துவாயை நான் அப்பதான் பாத்தன். இவ்வளவு காலமும் அது வெளிச்சத்துக்கெண்டு நினைச்சுக்கொண்டிருந்த மண்டையன் நான். எனக்குக் குரல் இருந்திருந்தால் ஏதாவது பகிடி விட்டு அதை அப்பவே கெடுத்திருப்பன். தடிமன் காப்பாத்தினது.

கொஞ்ச நேரத்தாலை யோகன் மூக்கைச் சீறிப்போட்டு, போடு, ஆர் கொலைகாரன் எண்டு பாப்பம் எண்டான். போட்டன். கொலைகாரன் சுவாமியார்தான். சிவம் அண்ணை வெண்டும், பானையை அவரே தேய்ச்சார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகேல்லை, யோகனைக் கூட்டிக்கொண்டு லோயரிட்டைப் போனார். உள்ளுக்கை போக முதல் சொன்னவராம், அந்தச் செல்லத்துரைப் பயலுக்குச் சொன்ன மாதிரியே சொல்லு மனே, வேற ஆரோ கேக்கிற எண்டு நினை. வெள்ளை நூலைக் கேட்டவுடனை லோயர் எழுந்து நிண்டிட்டாராம். விசாரணையிலையும் அந்தச் சப்பாத்துத்தான் நிண்டு பிடிச்சது. யோகனுக்குச் சரி வந்திட்டுது.

6

சரி வந்தால் என்ன நடக்கும்? போயிடுவினம். ஒஷாவாவிலை கார்ச் சாமான் செய்யிற பக்டரியிலை யோகனுக்கு வேலை கிடைச்சுது. ரெண்டு பாக்கிலை சாமானைக் கட்டிக்கொண்டு போனான். போகேக்கை துவாயைக் கழட்டி மடிச்சு என்ரை கட்டிலிலை வைச்சிட்டுப் போனான். றஞ்சன் மொன்றியலிலை ஒரு பெட்டையைக் கண்டு அங்கை போயிட்டான். கொலைகாரி அவள்தான் எண்டு நான் எழுதி அனுப்பினன், அவன் மறுமொழி போடேல்லை.

சிவம் அண்ணையின்ரை பெண்சாதி பிள்ளையளும் வந்து சேந்திட்டினம். ஸ்காபரோவிலை பன்னிரண்டாம் மாடி, வெளியிலை பாத்தால் முழு ஊரும் தெரியும், ஒருத்தரின்ரை காலும் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமையிலை போவன். முதல்தரம் போகேக்கை பிள்ளையள் என்ரை மடியிலை. கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது, நான் பூனைக்குச் சிவம் அண்ணை குரலும் எலிக்கு என்ரை குரலும் குடுத்தன், ரெண்டும் உருண்டு சிரிச்சுதுகள். பள்ளிக்கூடம் போய் ஒரு வருசம் முடியேல்லை. போன மாதம் போய் வாயைத் திறந்தன். மூத்தவன் ரீவியிலை இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான், மாமா, எனக்கு இங்கிலீஸ் விளங்குது, நீங்க கதைக்கத் தேவையில்லை. மரியாதையாத்தான் சொன்னவன். சிவம் அண்ணைக்கு முகம் கறுத்துப்போச்சு, பிள்ளையைப் பேசப் பாத்தார். விடுங்கோ அண்ணை எண்டு பகிடி ஒண்டு விட்டிட்டு, தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு சப்வேக்கு நடந்தன்.

டோனி இன்னும் எனக்கு மஞ்சள் எடுத்து வைக்கிறவன். பழக்கத்திலை வாங்கிக்கொண்டு வருவன். இப்ப எனக்கு இத்தாலி உண்மையாவே விளங்கத் தொடங்கீட்டுது, அது இன்னும் மோசம். செல்லத்துரை கதைக்கிறது ஒண்டும் பெரிய விசயமில்லை. எனக்கு ஞாபகம் வரேல்லை, எனக்கு ஞாபகம் வரேல்லை எண்டு சும்மா புலம்பிக்கொண்டு திரியிறான். எங்களுக்கு எதிர்மாறான வருத்தம் எண்டு சொல்லி விடோணும் போலை இருக்கும். வாளியைக் கவிழ்த்து வைச்சு இருந்து பாத்தன். கேக்க ஆளில்லாமல் குரல் மாத்திறது விசர் வேலை.

7

என்ரை கதை சின்னன். ரோட்டிலை வைச்சுப் பிடிச்சவங்கள். ஆமிக் காம்பிலை வைச்சிருந்தவங்கள். பேந்து விட்டவங்கள்.

ஏன் விட்டவங்கள் எண்டுதான் லோயர் கேட்டவர். சிரிப்பு தொடங்கிறது அதிலைதான். நான் இருந்த அறைக்கு வெளியிலை அவங்கடை பெரியவன் ஒவ்வொருநாளும் சமையல்காரனைப் பேசுவான். எனக்குச் சிங்களம் நாலு சொல்லும் தெரியாது, சத்தத்தை மட்டும் பிடிச்சனான். ஒருநாள் காவலுக்கு நிண்டவன் கேக்க, பெரியவன் மாதிரியே பேசிக்காட்டினன். அவன் சிரிச்சிட்டான். மற்றவங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னேரங்களிலை என்னை வெளியிலை எடுத்து நடுவிலை விட்டிடுவாங்கள். பெரியவன் குரல், சமையல்காரன் குரல், ரெண்டு பேரும் பருப்புக்குச் சண்டை. தேத்தண்ணி தந்தவங்கள். கடைசியிலை அந்தப் பெரியவனே வந்து நிண்டு கேட்டு, தன்ரை குரலைக் கேட்டுத் தானே வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சுப்போட்டு, இவனை விடுங்கோடா எண்டவன்.

அறைக்குள்ளை என்னோடை இன்னும் ரெண்டு பேர் இருந்தவை. அவைக்குக் குரல் மாத்தத் தெரியாது.

லோயருக்கு நான் சொல்லேக்கை முழுக்க அந்தக் குரலுகளிலேயே சொல்லுறன். வேறை மாதிரி எனக்கு வருதில்லை. பருப்புச் சண்டையிலை எல்லாரும் சிரிப்பினம், அக்காவும் அதிலைதான் சிரிச்சவ. ரெண்டு பேர் வாற இடத்துக்கு வரேக்கை கேக்கிற ஆக்கள் இன்னும் சிரிச்சுக்கொண்டிருக்கினம், நானும் அதைச் சொல்லாமல் விட்டிட்டுக் கதையை முடிச்சிடுறன். லோயர் எழுதின தாளிலை அந்த ரெண்டு பேரும் இல்லை. பகிடி விட்டான், விட்டாங்கள் எண்டு மட்டும் இருக்கு. உதைக் கேட்டு ஆர் நம்புவான்?

கண்ணாடியைப் பாத்துச் சொல்லிப் பாத்தன். சத்தத்தை முழுக்கக் குறைச்சுப்போட்டு ரீவியிலை செல்லத்துரைக்கும் சொல்லிப் பாத்தன், யோகனுக்குச் சரி வந்தது எனக்கும் வரட்டும் எண்டு. ரெண்டாம் வரியிலை பெரியவன்ரை குரல் வந்திட்டுது. யோகனுக்குச் செல்லத்துரையின்ரை வாய் உதவினது. எனக்கு இருக்கிற வாயள் கூடிப்போச்சு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒஷாவாவுக்கு ரெலிபோன் அடிச்சன். யோகன்தான் எடுத்தான். அவனும் தனியத்தான் இருக்கிறான், இப்ப கொஞ்சம் கதைக்கிறான். பக்டரியைப் பற்றிக் கேட்டன், பனியைப் பற்றிக் கேட்டன், டோனி சுகம் கேட்டவன் எண்டு பொய் சொன்னன். பேந்து கொலைகாரன் மாதிரி மூச்சு விட்டு விட்டு, எனக்கு விசாரணை வருது எண்டு சொன்னன். அவன் வழமை மாதிரிச் சிரிச்சான். சிரிச்சு முடியுமட்டும் நிண்டிட்டு, லோயர் சொன்னதை அப்பிடியே சொன்னன். அதையும் லோயர்ரை குரலிலைதான் சொன்னன். ஆருக்காவது ஒருக்கால் சொல்லோணுமாம், அந்தாள் சிரிக்கக்கூடாதாம், கனடாவிலை அப்பிடி ஒராளை எங்கை பிடிக்கிறது எண்டு கேட்டன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரீவியை அவன் நிப்பாட்டுறது கேட்டுது. பேந்து சொன்னான்.

"எனக்குச் சொல்லு மச்சான், நான் சிரிக்கமாட்டன்."